டிரைவர் எத்தனை இன்ச் இருக்கணும்? – கோல்ஃப் கேள்வி பதில்

டிரைவரின் நீளம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பந்தை மிக நீண்ட தூரம் அடிக்கும் மட்டைதான் டிரைவர். கையால் பிடிக்கும் இடம் கிரிப், தண்டு ஷாஃப்ட், அடியில் உள்ள தலை ஹெட், அதில் பந்து படும் பரப்பு முகம். பதில்கள் வலது கைக்காரர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இடது கைக்காரர்கள் வலம், இடத்தை மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

என் உயரம் 6 அடி 1 இன்ச். கடையில் விற்கும் டிரைவர் 45.75 இன்ச். உயரமானவன் என்பதால் 46.5 வரை தாராளமாகப் போகலாம் என்கிறார் கூட ஆடும் நண்பர். போகலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

போக வேண்டாம். உங்களுக்கு ஏற்கெனவே கையில் இருப்பதே நீளமாக இருக்கலாம்.

உயரமானவர்களுக்குப் பெரும்பாலும் கையும் நீளம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை அளந்து பாருங்கள். உயரத்தில் அரை அடி வித்தியாசம் உள்ள இருவருக்கு இந்த அளவில் சுமார் மூன்று இன்ச்தான் வித்தியாசம் வரும். கை நீளமானவராக இருந்தால் அதுவும் குறையும். அயர்ன் எனும் இரும்புத்தலை மட்டை வாங்கும்போது இந்த அளவு நன்றாக உதவும். அங்கே பந்து தரையில் கிடக்கிறது, ஹெட் தரையில் எந்தக் கோணத்தில் உட்கார்கிறது என்பது பந்தின் திசையையே மாற்றும். டிரைவரில் பந்து டீ எனும் சின்ன முளையின் மேல் நிற்கிறது, முகத்தின் சாய்வும் குறைவு. அதனால் அந்தக் கோணம் பெரிதாகக் கெடுப்பதில்லை. மணிக்கட்டு அளவை எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எஃகு ஷாஃப்ட் காலத்தில், 1980-கள் வரைகூட, டிரைவர் என்றால் 43 இன்ச் சுற்றுவட்டாரம்தான். கிராஃபைட் ஷாஃப்டும் டைட்டானியம் ஹெட்டும் வந்து எடை குறைந்த பிறகுதான் நீளம் ஏறியது. இன்று கடையில் 45.5, 45.75 என்று தொங்குகிறது. ஆனால் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் கடை அளவைவிடக் குட்டையான டிரைவரைத்தான் வைத்திருக்கிறார்கள், 45-ஐ ஒட்டி. அதில் ஆடும் ரிக்கி ஃபவுலர் 2017-ல் 43.5 இன்ச் வரை இறங்கினார். வாரம் முழுக்க அடிப்பவர்களுக்கே குட்டை போதும் என்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடிக்கிறவருக்கு எதற்கு நீளம்? கடையில் பத்துப் பந்து அடித்துப் பார்க்கும்போது திரையில் தெரியும் அந்த ஒரே ஒரு மகா நீளமான அடிதான் டிரைவரை விற்றுக்கொடுக்கிறது. மற்ற ஒன்பதும் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு இன்ச் கூட்டினால் ஹெட் வேகம் மணிக்கு ஒரு மைல், மிஞ்சினால் இரண்டு மைல் ஏறும். உங்கள் வேகம் 95 மைல், பந்து முகத்தின் நடுவில் பட்டு 1.48 மடங்கு வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொண்டால், பந்தின் வேகம் 140.6 மைல். ஷாஃப்டை நீட்டி ஹெட் வேகம் 96.5 ஆனது, ஆனால் படும் இடம் ஓரமாகப் போய் 1.42 மடங்குதான் கிடைக்கிறது என்றால் 137 மைல். வேகமாக வீசி, மூன்றரை மைலை இழந்து நிற்கிறீர்கள். தூரத்தில் அது ஆறேழு யார்டு. ஓரத்தில் பட்ட பந்து எந்தப் பக்கம் வளைந்தது என்பது தனிக் கதை.

பந்தின் வேகத்தையும் தூரத்தையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் எதுவும் கைவசம் இல்லை. எனக்கு எந்த நீளம் சரி என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், சென்னை

முடியும். மானிட்டர் இருந்தால் வசதி, அவ்வளவுதான். நீளத்தைப் பொறுத்தவரை மிக உண்மையான சாட்சி டிரைவரின் முகம்.

மருந்துக்கடையில் கிடைக்கும், பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை முகத்தில் மெல்லிய வெள்ளைப் படலமாக அடியுங்கள். பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். ஸ்பிரே கிடைக்காவிட்டால், பந்தில் ஒயிட்போர்டு மார்க்கரால் பெரிய புள்ளி வைத்து, புள்ளி ஹெட்டைப் பார்த்து இருக்கும்படி டீயில் வையுங்கள். முகத்தில் மை ஒட்டிக்கொள்ளும். இரண்டு அடிக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எது எந்த அடியின் தடம் என்று குழம்பிவிடும். ஒட்டும் ஸ்டிக்கரும் விற்கிறார்கள். அது பட்ட இடத்தைச் சரியாகக் காட்டும், ஆனால் பந்தின் சுழற்சியை மாற்றிவிடும் என்பதால் ஸ்டிக்கரோடு அடித்த தூரத்தை நம்பக்கூடாது.

அடுத்து கிரிப். மேல் நுனியிலிருந்து அரை இன்ச், ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் தூரங்களில் மெல்லிய இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முதலில் வழக்கம்போல் முழு நீளத்தில் பிடித்துப் பத்துப் பந்து. பிறகு இடது கையின் மேல் விளிம்பை ஒவ்வொரு டேப்பிலும் வைத்துப் பத்துப் பத்து. மொத்தம் நாற்பது பந்து. இதை ஒரே மூச்சில் அடித்தால் கடைசிப் பத்தில் பேசுவது நீளமல்ல, களைப்பு. ஐந்தைந்தாகப் பிரித்து, வரிசையை மாற்றி மாற்றி அடியுங்கள். ரேஞ்ச் எனும் பயிற்சி மைதானத்தின் பந்துகளில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று கலந்து கிடக்கும். ஒரே ரகத்தில் சொந்தப் பந்து ஒரு டஜன் இருந்தால் நல்லது.

அளப்பதற்குப் பத்து ரூபாய் நாணயம் போதும், அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். முகத்தின் நடுவில் நாணயத்தை வைத்துப் பாருங்கள். தடத்தின் மையம் நாணயத்துக்குள் விழுந்தால் ஒரு மதிப்பெண். பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொரு நீளத்துக்கும் எழுதுங்கள். பக்கத்திலேயே, தவறிய அடிகள் எந்தப் பக்கம் தவறின என்றும் குறியுங்கள்: ஷாஃப்ட் பக்கமா, நுனிப் பக்கமா, மேலா, கீழா.

முழு நீளத்தில் மூன்று, ஒரு இன்ச் இறக்கியதில் ஏழு என்று வந்தால் விடை கையில் இருக்கிறது. மூன்று, நான்கு, மூன்று, நான்கு என்று எல்லா நீளத்திலும் ஒரே மாதிரி வந்தால் நீளத்தின் மேல் பழி போடாதீர்கள். பயிற்சியாளரிடம் காட்ட வேண்டியது ஸ்விங்கை, அதாவது நீங்கள் மட்டையை வீசும் விதத்தை. இரண்டு நீளங்கள் சமமாக வந்தால் நீளமானதை வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் படுகிறவருக்கு அந்த ஒரு மைல் வேகம் இலவசம்.

இந்தச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. கிரிப்பை இறக்கிப் பிடிக்கும்போது கைக்கு மேலே ஒரு இன்ச் ஷாஃப்டும் ரப்பரும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சின்ன எடை மேலே இருப்பதால் ஹெட் கொஞ்சம் லேசாகத் தெரியும். உண்மையில் வெட்டிய டிரைவர் அச்சு அசலாக இப்படி இருக்காது. ஆனாலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை இது சரியாகவே சொல்லிவிடும். வேறொரு நாளில் திரும்பச் செய்து, அதே விடை வந்தால் மட்டும் ரம்பத்தைத் தேடுங்கள்.

46 இன்ச் டிரைவரை ஒரு இன்ச் வெட்டி 45 ஆக்கினேன். இப்போது தலை இருப்பதே கைக்குத் தெரியவில்லை, குச்சியை வீசுவது போல இருக்கிறது. பந்தும் தாழ்வாக வலப்பக்கம் போகிறது. வெட்டியது தப்பா?
– வாசகர், சிங்கப்பூர்

வெட்டியது தப்பில்லை. வெட்டியதோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு. பாதி வேலை பாக்கி இருக்கிறது.

ஸ்விங் வெயிட் என்று ஒரு அளவு உண்டு. கிரிப்பின் மேல் நுனியிலிருந்து 14 இன்ச் தள்ளி ஒரு முனையில் டிரைவரைத் தாங்கி நிறுத்தினால், தலைப்பக்கம் எவ்வளவு கீழே இழுக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. சி, டி என்ற எழுத்தோடு 0 முதல் 9 வரை எண் சேர்த்துச் சொல்வார்கள், சி9-க்கு அடுத்தது டி0. ஆண்களுக்கான டிரைவர் பெரும்பாலும் டி0-வுக்கும் டி4-க்கும் நடுவில் இருக்கும். அரை இன்ச் வெட்டினால் மூன்று புள்ளி இறங்கும், ஒரு இன்ச்சுக்கு ஆறு. உங்களுடையது டி2 ஆக இருந்திருந்தால் இப்போது சி6. கைக்குத் தலை தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. தலை எங்கே வருகிறது என்று கைக்குத் தெரியாதபோது, முகத்தைத் திருப்பி நேராக்குவது தாமதமாகும். பந்து வலப்பக்கம் போவது இதனால்தான்.

ஹெட்டில் இரண்டு கிராம் கூட்டினால் ஒரு புள்ளி ஏறும். ஆறு புள்ளிக்குப் பன்னிரண்டு கிராம். ஆனால் ஒரேயடியாகப் பன்னிரண்டையும் ஏற்ற வேண்டாம். எட்டு கிராமில் டி0 வந்துவிடும், குட்டையான டிரைவருக்குப் பலருக்கு அதுவே போதுமாக இருக்கிறது. முதலில் ஈய டேப் வாங்கி, நகைக்கடைத் தராசு போன்ற 0.1 கிராம் காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசில் நிறுத்து, நான்கு கிராம் துண்டுகளாக வெட்டுங்கள். அடிப்பாகத்தின் நடுவில் ஒட்டுங்கள். ஷாஃப்ட் பக்கம் ஒட்டினால் பந்து இடப்பக்கம் திரும்பப் பார்க்கும், நுனிப் பக்கம் ஒட்டினால் வலப்பக்கம், பின்னால் ஒட்டினால் உயரமாகக் கிளம்பும். உங்கள் பந்து இப்போது வலப்பக்கம் போவதால் இரண்டாவது துண்டை ஷாஃப்ட் பக்கமாக நகர்த்திப் பார்ப்பதில் தவறில்லை. எத்தனை கிராமில் கைக்குச் சரியாக வருகிறது என்று தெரிந்த பிறகு, ஹெட்டில் இருக்கும் எடைத் திருகை அந்த அளவு கனமானதாக மாற்றிக்கொள்ளலாம். எட்டு கிராம் கூட்ட வேண்டும் என்றால், நான்கு கிராம் திருகுக்குப் பதில் பன்னிரண்டு கிராம் திருகு. அதே கம்பெனி, அதே மாடலுக்கு உரியதையே வாங்குங்கள். மரை பொருந்தாததை முறுக்கி ஏற்றினால் ஹெட் வீணாகும்.

இனி தாழ்வாகப் போவது. நிற்கும் தூரத்தை மாற்றாமல் பழைய இடத்திலேயே நிற்கிறீர்கள் என்று தோன்றுகிறது. டிரைவர் குட்டையானதால் ஹெட்டின் பாதை கொஞ்சம் மேலே ஏறிவிட்டது, பந்து முகத்தின் கீழ்ப்பகுதியில் படுகிறது. கீழே பட்ட பந்து தாழ்வாகக் கிளம்பி, சுழற்சி மட்டும் அதிகமாகும். ஒரு இன்ச் பந்தை நெருங்கி நில்லுங்கள், டீயைக் கால் இன்ச் உயர்த்துங்கள், பவுடர் ஸ்பிரேயில் தடம் மேலே வருகிறதா பாருங்கள். ஷாஃப்டும் ஒரு இன்ச் போனதில் லேசாக விறைத்திருக்கும். ஹெட்டில் எடை ஏறும்போது அதில் கொஞ்சம் திரும்பிவிடும்.

இன்னொன்று, கிரிப் மெலிந்திருக்கும். ஷாஃப்ட் மேலே தடித்துக் கீழே போகப் போக ஒடுங்குவது. மேலே வெட்டியதால் பழைய கிரிப் கொஞ்சம் மெல்லிய இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை கிரிப் மாட்டும்போது உள்ளே டேப் ஒரு சுற்று அதிகம் கொடுங்கள்.

வீட்டிலேயே வெட்டலாமா? குழாய் வெட்டும் கட்டர் இருக்கிறது.
– வாசகர், கோலாலம்பூர்

அந்தக் கட்டரை எடுத்து வையுங்கள். அது எஃகுக்குச் சரி. கிராஃபைட்டை அழுத்தி வெட்டினால் நார்கள் நசுங்கி, உள்ளுக்குள் விரிசல் ஓடும். வெளியே ஒன்றும் தெரியாது, சில வாரம் கழித்து கிரிப்புக்குள்ளேயே முறியும்.

கிரிப்பைக் கொக்கி பிளேடால், உங்களுக்கு எதிர்ப்புறமாக இழுத்துக் கிழியுங்கள். நேர் பிளேடு ஷாஃப்டில் கோடு போட்டுவிடும், அந்தக் கோடுதான் பிறகு முறிவாகும். பழைய டேப்பைச் சுரண்டி எடுத்த பின் வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் கோடு போடுங்கள். பல் நெருக்கமான ஹேக்ஸா பிளேடு, அதாவது இன்ச்சுக்கு 32 பல், அல்லது சின்ன உராய்வுச் சக்கரம். ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டே போனால் கடைசியில் நார் பிய்ந்து வரும், ஷாஃப்டைச் சுழற்றிச் சுற்றிலும் அறுத்துக்கொண்டு வாருங்கள். கிராஃபைட் தூள் நுரையீரலுக்கு ஆகாது. என்95 மாஸ்க் போட்டு, வெளியில் உட்கார்ந்து, வெட்டும் இடத்தை ஈரமாக்கிக்கொண்டு செய்யுங்கள். விளிம்பை நைஸ் உப்புத்தாளால் தேயுங்கள்.

எப்போதும் கிரிப் பக்கம்தான் வெட்ட வேண்டும். ஹெட் பக்கம் வெட்டினால் ஷாஃப்ட் சட்டென்று விறைத்து வேறு ஷாஃப்டாகவே மாறிவிடும். சோதனையில் ஒரு இன்ச் என்று வந்தாலும் முதலில் அரை இன்ச் மட்டும் வெட்டி ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். கிரிப் செலவு இரண்டு முறை ஆகும், ஆகட்டும்.

அதிகம் வெட்டிவிட்டால் ஒட்டு போட்டு நீட்டலாமா?
– அதே வாசகர்

நீட்டலாம். மேல் துளைக்குள் செருகி எபாக்ஸி பசையால் ஒட்டும் துண்டுகள் கிடைக்கின்றன. ஒரு இன்ச்சுக்கு மேல் போகாதீர்கள். கைப்பிடியே ஒட்டின் மேல் இருக்கும், அடிக்கும்போது அதன் முழு அதிர்வும் அங்கே விழுகிறது. எபாக்ஸி ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

இணையத்தில் பழைய ஷாஃப்ட் ஒன்று "44.25 இன்ச்" என்று போட்டிருந்ததால் வாங்கினேன். என் ஹெட்டில் மாட்டி அளந்தால் 45.5 வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், கொழும்பு

அப்படிச் சொல்ல முடியாது. விற்பவர், ஷாஃப்டை ஹெட்டோடு இணைக்கும் அடாப்டரின் நுனியிலிருந்து கிரிப் நுனி வரை அளந்திருக்கிறார், ஹெட் இல்லாமல். ஹெட்டில் மாட்டியதும் தரை வரை உள்ள உயரம் சேரும். ஹெட்டையும் அடாப்டரையும் பொறுத்து ஒன்று, ஒன்றரை இன்ச் வரை கூடும். வாங்கும் முன் "எந்த ஹெட்டில், மாட்டிய பின் எத்தனை?" என்று கேளுங்கள். புதிய ஷாஃப்ட் வாங்கினாலும் இதே கதைதான். டிரைவரும் சேர்ந்த ‘வுட்’ வகைக்கான ஷாஃப்ட் வெட்டாமல் 46 இன்ச்சில் வரும், அது டிரைவரின் நீளமல்ல.

சரியான அளவு இப்படி: டிரைவரின் அடிப்பாகம் சமதளத்தில் படிய, ஷாஃப்ட் 60 டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும். ஷாஃப்டின் அச்சோடு ஒட்டிப் பின்பக்கமாக நீண்ட ஸ்கேலை வைத்து, தரையிலிருந்து கிரிப்பின் மேல் விளிம்பு வரை படியுங்கள். தரையில் படுக்கவைத்து அளந்தால் அரை இன்ச் இங்கே அங்கே போகும். இரண்டு பேர் ஒரே டிரைவரை அளந்து சண்டை போடுவது பெரும்பாலும் இதனால்தான்.

அடாப்டர் எந்தக் கம்பெனியுடையது என்பதையும் பாருங்கள், ஒன்றினுடையது மற்றதில் சேராது. அடாப்டரைத் திருப்பும்போது ஷாஃப்டும் சேர்ந்து திரும்பும் ரகமாக இருந்தால், உள்பக்கம் முதுகெலும்பு போல நீள மேடு வைத்த கிரிப் வேண்டாம். சுற்றிலும் ஒரே மாதிரி உருண்டையான கிரிப் போடுங்கள்.

டிரைவரைக் குட்டையாக்கினால் ஸ்லைஸ் (பந்து வலப்பக்கம் வளைந்து போவது) போய்விடுமா?
– வாசகர், மதுரை

சிலருக்குப் போகும். நீங்கள் அந்தச் சிலரா என்று முகத்தில் உள்ள தடம் சொல்லும். தடங்கள் ஷாஃப்ட் பக்கமாகக் குவிந்திருந்தால், ஹெட் முறுக்கிக்கொண்டு பந்துக்கு வலப்பக்கச் சுழற்சியைக் கொடுக்கிறது. பட்ட இடம் நடுவுக்கு வந்தாலே வளைவில் ஒரு பகுதி குறையும், அதற்குக் குட்டை ஷாஃப்ட் உதவும். தடம் நடுவில் இருந்தும் பந்து வாழைப்பழம் போல வளைந்தால், முகம் திறந்திருக்கிறது, ஹெட் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. அதை ரம்பத்தால் திருத்த முடியாது. அடாப்டரில் லாஃப்டை, அதாவது முகத்தின் சாய்வை, ஒரு டிகிரி கூட்டிப் பாருங்கள். முகம் கொஞ்சம் மூடும், பக்கவாட்டு வளைவும் அடங்கும். காசு செலவில்லாத வைத்தியம்.

சென்னையில் ஆடும்போது 220 யார்டு. அரை இன்ச் வெட்டிய பிறகு ஊட்டியில் ஆடினேன், 235-க்கு மேல் போகிறது. வெட்டியதால் 15 யார்டு கூடியது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், சென்னை

ஊட்டிக்கு நன்றி சொல்லுங்கள். 2,200 மீட்டருக்கு மேல் காற்று மெலிது, பந்தைப் பிடித்து இழுப்பது குறைவு. அந்த உயரத்தில் சுமார் எட்டு சதவீதம் கூடுதல் தூரம் எதிர்பார்க்கலாம். 220 யார்டுக்கு அதுவே 17 யார்டு. குளிர் அதில் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். வெட்டிய பலன் தெரிய வேண்டுமானால் சென்னைக்கு வந்து, பழைய ரேஞ்சில், அதே பந்தில் அடித்துப் பாருங்கள்.

பத்து வயது மகனுக்கு என் பழைய டிரைவரை வெட்டிக் கொடுக்கலாமா?
– வாசகர், திருச்சி

கொடுக்காதீர்கள். ஹெட் மட்டும் 200 கிராம், ஷாஃப்டோ வெட்ட வெட்ட விறைக்கும். பையன் தூக்குவதற்கே உடம்பைப் பின்னால் சாய்ப்பான், அந்தப் பழக்கம் பிறகு போகாது. உயரத்துக்கு ஏற்ற ஜூனியர் டிரைவர், லாஃப்ட் அதிகமானதாக, பழையதாக வாங்கினாலும் போதும்.

46 இன்ச்சுக்கு மேல் தடை என்கிறார்கள். எங்கள் கிளப் போட்டியில் 47 இன்ச் வைத்து ஆடினால் வெளியேற்றுவார்களா? சுற்றின் நடுவில் ஈய டேப் ஒட்டலாமா?
– வாசகர், பெங்களூரு

பொது விதிப்படி எந்த மட்டையும் 18 இன்ச்சுக்குக் குறையக்கூடாது, பட்டர் (பந்தைக் குழிக்கு உருட்டும் மட்டை) தவிர எதுவும் 48-ஐத் தாண்டக்கூடாது. 46 என்பது 2022 ஜனவரி முதல் போட்டிக் குழு விரும்பினால் சேர்த்துக்கொள்ளக்கூடிய உள்ளூர் விதி. தொழில்முறைப் போட்டிகளையும் உயர்மட்ட அமெச்சூர் போட்டிகளையும் மனதில் வைத்துக் கொண்டுவந்தது. பிஜிஏ டூர் அதை ஏற்றது. அதற்கு முந்தைய ஆண்டு, 2021-ல், 50 வயது ஃபில் மிக்கெல்சன் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றபோது பையில் இருந்தது 48-ஐ ஒட்டிய டிரைவர். உங்கள் கிளப் அறிவிப்புப் பலகையில் அந்த உள்ளூர் விதி இல்லாவிட்டால் 47 செல்லும்.

ஈய டேப்பைச் சுற்று தொடங்கும் முன் எவ்வளவு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள். தொடங்கிய பின் புதிதாக ஒட்டுவதோ, வேண்டுமென்றே பிய்ப்பதோ, எடைத் திருகை மாற்றுவதோ கூடாது. அப்படி மாற்றிய மட்டையால் ஒரு அடி அடித்தாலும் தகுதி நீக்கம். ஆடும்போது டேப் தானாகக் கழன்று விழுந்தால், அதே இடத்தில் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம்.